எண்டியூரன்ஸ் கார் பந்தயம் சோறு போடுமா? சாட்ஸ்வர்த் அப்பா ஒருவரின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அண்ணா. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறீர்கள், உங்கள் மகளுக்கு 13 வயது, இடூபே தடத்தில் கோ-கார்ட் (சிறிய பந்தய வண்டி) ஓட்டுகிறாள், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி மேடை ஏறியதைப் பார்த்ததிலிருந்து "நானும் இதைத்தான் தொழிலாகச் செய்வேன்" என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொழிலுக்கு எப்படிப் போவது என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசி வரியில் "கடையை அடகு வைத்தாவது செய்யலாமா" என்று ஒன்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தூக்கம் வராமல் செய்வது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். இந்தத் தொழில் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சோறு போடுமா, போடும் என்றால் அது எப்போது தெரியும் என்பதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறேன். கயலாமி, ஸ்வார்ட்காப்ஸ் பந்தயத் தடங்களில் ஓடும் அணிகளுக்குப் பல வருடங்களாக டேட்டா இன்ஜினியர் வேலை பார்க்கிறேன். கார் பிட்டுக்குள் (தடத்தோரப் பணியிடம்) வந்ததும் அதன் பதிவுகளை இறக்கி, ஓட்டுநர் எங்கே பிரேக் பிடித்தார், எங்கே நேரத்தை விட்டார் என்று அவரோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அதனால் ஓட்டுநர்களைப் பற்றி ஓரளவு தெரியும். சம்பள விஷயம் அப்படியில்லை. ஒப்பந்தத் தொகைகள் வெளியே வருவதில்லை, காதில் விழுவதை நம்பி உங்களிடம் எண் சொல்ல மாட்டேன். எது விதி, எது நான் பார்த்துப் புரிந்துகொண்டது என்று பிரித்தே சொல்கிறேன். கடையைப் பொறுத்தவரை பதில் இப்போதே: அடகு வைக்காதீர்கள். ஆனால் பிள்ளையை நிறுத்தவும் வேண்டாம்.

முதலில் அவள் தொலைக்காட்சியில் பார்த்தது என்ன என்று புரிய வேண்டும். எண்டியூரன்ஸ், அதாவது பல மணி நேரம் நீளும் பந்தயத்தில் ஒரே காரை மூன்று நான்கு பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள். அந்த மூன்று நான்கு பேரும் ஒரே தொழிலில் இருப்பவர்கள் அல்ல. ஒருவர் வேறு துறையில் சம்பாதித்து, பந்தயத்தின் மீதுள்ள ஆசையால் தன் பணத்தோடு வருபவர். இன்னொருவர் அவருக்குப் பக்கபலமாகச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர். அஜித் குமார் தன் பெயரிலேயே அணி நடத்தி ஓடுகிறார், அந்த அணி துபாயில் 992 என்ற போர்ஷே 911 கோப்பைக் கார்களின் பிரிவில் மூன்றாவது வந்தது. 50 வயதைத் தாண்டியும் அவர் காட்டும் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் மகள் போக வேண்டிய பாதை அவருடையது அல்ல. அவர் அணி வைத்திருப்பவர், இவள் ஒரு அணியால் அமர்த்தப்பட வேண்டியவள்.

இந்த இரண்டு வகையினரையும் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ நான்கு தரமாகப் பிரிக்கிறது: பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் (bronze, வெண்கலம்). உலகச் சாம்பியன்கள், தொழிற்சாலை ஓட்டுநர்கள் (கார் நிறுவனமே ஒப்பந்தம் போட்டு வைத்திருப்பவர்கள்) மேலே. வயது வந்தபின் ஆசைக்கு ஓட்ட வந்தவர்கள் பிரான்ஸில். இது வெறும் பட்டியல் இல்லை, இந்தத் தொழிலின் பணம் முழுக்க இதைச் சுற்றித்தான் ஓடுகிறது. பிரெஞ்சு நாட்டில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், எல்எம்ஜிடி3 பிரிவில் (சாலை ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து உருவான ஜிடி3 வகைக் கார்கள்) ஓடும் ஒவ்வொரு காரிலும் ஒரு பிரான்ஸ் ஓட்டுநராவது இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அங்கே எல்எம்பி2 பிரிவில் (பந்தயத்துக்கென்றே கட்டிய கார்கள்) சில்வர் அல்லது பிரான்ஸ் ஒருவராவது வேண்டும். ஏன் இப்படி? போர்ஷேயின் 911 ஜிடி3 ஆர் காரின் புதிய தலைமுறை 2022-ல் அறிமுகமானபோது அதன் விலை வரி இல்லாமல் 5,11,000 யூரோ. நம் கணக்கில் சுமார் ஒரு கோடி ராண்ட். அது காருக்கு மட்டும். டயர், எரிபொருள், மெக்கானிக்குகள், கப்பல் செலவு எல்லாம் தனி. அதை யாராவது கட்ட வேண்டும், பெரும்பாலும் கட்டுபவர் அந்தப் பிரான்ஸ் ஓட்டுநர்தான்.

இதிலிருந்து வருவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. சம்பளம் வாங்கும் இளம் ஓட்டுநரிடம் அணி எதிர்பார்ப்பது ஒற்றை வேகமான லேப்பை (தடத்தின் ஒரு சுற்றை) அல்ல. பணம் போடுபவர் மூன்று விநாடி மெதுவாக ஓட்டினாலும் அவரிடம் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் விட்ட நேரத்தை அடுத்த ஒரு மணி நேரத்தில் மீட்க வேண்டும். அப்புறம் காரை ஒரு கீறல் இல்லாமல் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்பவரைத் தேடி அடுத்த வருடமும் அழைப்பு வரும். அரை விநாடி வேகமாக ஓட்டி, மாதம் ஒரு காரை உடைப்பவருக்கு வராது. வேலை நிலைப்பது நம்பிக்கையில்தான். கோ-கார்ட் தடத்தில் இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

சில்வர் தரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில்வர் ஓட்டுநர் வேண்டும் என்று பல தொடர்களின் விதியே கேட்பதால், உண்மையில் கோல்டுக்குச் சமமாக ஓடும் ஒரு இளம் சில்வர் ஓட்டுநருக்கு, அணிகள் கூடும் பாடாக்கில் பெரிய மதிப்பு இருக்கிறது. அவர் நன்றாக ஓடி வென்றால் அடுத்த வருடம் எஃப்ஐஏ அவரைக் கோல்டுக்கு உயர்த்தலாம். உயர்த்தியதும் அவர் இருந்த இடத்துக்கு விதிப்படி வேறு சில்வர் வேண்டும். அவர் இப்போது தொழிற்சாலை ஓட்டுநர்களோடு போட்டி போட வேண்டும். முன்னேற்றமே வேலையைப் பறிக்கும் இந்த நிலையில் தவித்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 20 முதல் 24 வயது வரை இப்படித்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டுபவர்களைக் கார் நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்கிறது. தாண்டாதவர்களில் நல்லவர்கள் ஓட்டுநர் பயிற்சி, கார் சோதனை, சிமுலேட்டர் வேலை என்று சேர்த்துச் சேர்த்து வாழ்கிறார்கள். அதுவும் கௌரவமான வாழ்க்கைதான். உங்கள் மகளின் எதிர்காலத்தைக் கணக்குப் போடும்போது இந்த இரண்டாவது வாழ்க்கையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

சரி, ஓட்டும் வேலை எப்படி இருக்கும்? ஜிடி3 காரில் ஒரு டாங்க் எரிபொருளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடலாம். அதை ஸ்டின்ட் என்கிறோம். லெ மானில் ஒருவர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 13.6 கிலோமீட்டர் தடம், 62 கார்கள், அதில் அங்கே மிக வேகமான பிரிவான ஹைப்பர்கார்கள் உங்களை விட மிக வேகமாகப் பின்னால் வந்துகொண்டே இருக்கும். முன்னாலும் பார்க்க வேண்டும், கண்ணாடியிலும் பார்க்க வேண்டும், எரிபொருளை மிச்சப்படுத்த நேர்த்தடத்தின் முடிவில் சற்று முன்பே ஆக்சிலரேட்டரை விட வேண்டும், டயரைக் காப்பாற்ற வேண்டும், ரேடியோவில் இன்ஜினியருக்குப் பதிலும் சொல்ல வேண்டும். நான் ஓட்டுநரின் பதிவைத் திறந்தால் முதலில் பார்ப்பது அவருடைய சிறந்த லேப்பை இல்லை. ஸ்டின்டின் கடைசிப் பத்து லேப்புகளின் சராசரி எவ்வளவு, அவற்றுக்குள் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று பார்ப்பேன். டயர் தேய்ந்து, உடம்பு களைத்து, இருட்டில், முன்னால் மெதுவான கார்கள் இருக்கும்போது வரும் எண்கள்தான் ஆளைக் காட்டும்.

ஓட்டுநர் மாற்றமும் ஒரு தனி வித்தை. உயரம் குறைந்தவர் தன் உடம்புக்கென்று வார்த்த இருக்கை அச்சைக் கையோடு கொண்டுவந்து வைக்க வேண்டும். இறங்குபவர் தன் பெல்ட்டைக் கழற்றி, ஏறுபவரின் பெல்ட்டை மாட்டிவிட்டு, ரேடியோ கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் இணைத்துவிட்டுத்தான் விலக வேண்டும். தன் ஸ்டின்ட் மோசமாகப் போன கோபத்தில் இருக்கும் ஒருவர் இதை நிதானமாகச் செய்கிறாரா என்று அணித் தலைவர்கள் கவனிப்பார்கள்.

இதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரின் கதையே உண்டு. 2009 லெ மானில் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் கோல்ஸ் அணியின் ஆடி ஆர்10 காரில் ஓட இருந்தார். பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. ஃபார்முலா 1 ஓட்டியவர், ஒரு லேப் கூடப் பந்தயத்தில் ஓட முடியவில்லை. மீதி இருந்த இரண்டு பேரே 24 மணி நேரத்தையும் பங்கிட்டு ஓட்டி ஏழாவது வந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் ஆந்த்ரே லோட்டரர். அவருக்கு அதுதான் முதல் லெ மான். அடுத்த வருடம் ஆடி தொழிற்சாலை அணி அவரை எடுத்தது, பிறகு மூன்று முறை அந்தப் பந்தயத்தை வென்றார். நாராயணின் துரதிர்ஷ்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். லோட்டரரை மேலே கொண்டுபோனது, நெருக்கடி வந்த நாளில் அவர் காரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததுதான். மூன்று வருடம் கழித்து, 2012-ல், சென்னை கருண் சந்தோக் லெ மானில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவருடைய ஜேஆர்எம் அணி ஆறாவது வந்தது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து அங்கே போக வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, அது நன்கு தேய்ந்த வழி. 1984-ல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரத்தை வென்ற மார்ச்-போர்ஷே காரை ஓட்டிய மூன்று பேரும் தென்னாப்பிரிக்கர்கள்: சாரெல் ஃபான் டெர் மெர்வ, டோனி மார்ட்டின், கிரஹாம் டக்ஸ்பரி. காரின் மேல் இருந்த பெயர் கிரீப்பி கிராலி, நம் நாட்டு வீடுகளில் நீச்சல் குளம் சுத்தம் செய்யும் அதே கருவி. இப்போதைய தலைமுறையில் கெல்வின் ஃபான் டெர் லிண்டவின் பாதையைப் பாருங்கள். 2012-ல் 16 வயதில் இங்கே ஃபோக்ஸ்வாகன் போலோ கார்களுக்கான போலோ கோப்பை, 2013-ல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் சிரோக்கோ கோப்பை, 2014-ல் ஜெர்மானிய ஜிடி மாஸ்டர்ஸ் பட்டம். அதன் பிறகு நூர்பர்க்ரிங் 24 மணி நேரத்தை 2017, 2022, 2025 என மூன்று முறை வென்றிருக்கிறார். தம்பி ஷெல்டன் 2022-ல் டிடிஎம் என்ற ஜெர்மானியத் தொடரின் பட்டம் வென்று, இப்போது பிஎம்டபிள்யூ தொழிற்சாலை ஓட்டுநர். ஜோர்டன் பெப்பர் 2020-ல் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் 12 மணி நேரத்தையும், 2025-ல் லம்போர்கினியில் ஸ்பா 24 மணி நேரத்தையும் வென்ற அணியில் இருந்தார்.

கவனியுங்கள், கெல்வின் ஃபார்முலா 1-ஐ நோக்கிப் போகும் ஒற்றை இருக்கைக் கார் ஏணியில் பணத்தைக் கொட்டவில்லை. விலை குறைந்த, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் கொடுக்கும் கோப்பைகளில் வென்று, பரிசும் கவனமும் பெற்று ஜெர்மனிக்குப் போனார். உங்கள் மகளுக்கும் அதுதான் பொருத்தமான பாதை என்பது என் கருத்து. அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது. அவருடைய அப்பா ஷான் இங்கே டூரிங் கார் பந்தயங்களில் பெயர் எடுத்தவர், தாத்தாவும் பந்தய ஓட்டுநர். யாரிடம் பேச வேண்டும், எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதெல்லாம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்திருக்கும். சாட்ஸ்வர்த்தில் இருக்கும் நமக்கு அது கிடைக்காது, தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு விசாவும் ஒரு தொல்லை. தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை, அதிலும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். பிரிட்டனுக்குத் தனி விசா. இங்கிருந்து பந்தயங்களுக்குப் போய் வரும் ஓட்டுநர்கள் பாதி நேரம் தூதரக வரிசையைப் பற்றியே பேசுவார்கள்.

பெண் பிள்ளை என்பதால் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். இந்த நாட்டின் வரலாறே அதற்குப் பதில். பிராக்பனில் பிறந்த டெசிரே வில்சன் 1980-ல் ஒரே வருடத்தில் மோன்சா 1000 கிலோமீட்டரையும் சில்வர்ஸ்டோன் 6 மணி நேரத்தையும் அலெய்ன் டி காடெனேவோடு சேர்ந்து வென்றார். இரண்டும் உலக அளவிலான எண்டியூரன்ஸ் பந்தயங்கள். 1983-ல் லெ மானில் போர்ஷே 956 ஓட்டி ஏழாவது வந்தார். நம் காலத்தில் அயர்ன் டேம்ஸ் என்ற முழுப் பெண்கள் அணி 2023 பஹ்ரைன் 8 மணி நேரத்தில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. பவர் ஸ்டியரிங்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள ஜிடி3 காரை ஓட்ட, பயிற்சி பெற்ற பெண்ணின் உடல் வலிமை போதும். தடையாக இருப்பது ஸ்பான்சர்களின் மனம்தான், அதுவும் முன்பை விட மாறியிருக்கிறது.

உடம்பு என்றதும் ஒன்று. காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தொடும், ஒரு ஸ்டின்டில் லிட்டர் கணக்கில் வியர்க்கும். கழுத்து, முதுகு, இதயத் துடிப்பு இவற்றுக்கான பயிற்சி இப்போதிருந்தே வேண்டும். உங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம், காவடிக்கு விரதம் என்று எழுதியிருக்கிறீர்கள். சைவ உணவால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தண்ணீரும் உப்பும் குறையும் பட்டினி விரத நாளில் அவளைத் தடத்தில் இறக்காதீர்கள். உடல் நீர் குறைந்த ஓட்டுநரின் பிரேக் புள்ளிகள் தாறுமாறாக மாறுவது பதிவில் அப்படியே தெரியும்.

ஆபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். துபாயில் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அவர் காயமின்றி நடந்து வந்தார். அதற்குக் காருக்குள் இருக்கும் இரும்புக் கூண்டும் (ரோல் கேஜ்), கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் சாதனமும், வார்த்த இருக்கையும் காரணம். ஆனால் 2013 லெ மானில் ஆலன் சிமன்சன் என்ற அனுபவமிக்க டென்மார்க் ஓட்டுநர் பந்தயம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். பாதுகாப்பு நிறைய முன்னேறியிருக்கிறது, ஆபத்து முழுவதும் போய்விடவில்லை. அவளுடைய அம்மாவும் இதைத் தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும்.

இனி நடைமுறை. உங்கள் மகளுக்குத் திறமை இருக்கிறதா என்பதை ஒரு கடிதத்தைப் படித்து என்னால் சொல்ல முடியாது, யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். 16 வயது வரை பிராந்திய அளவிலான கார்ட்டிங்கோடு நில்லுங்கள். மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆப்பிரிக்காவின் உரிமத்தோடு முறையாக ஓடட்டும். தேசியத் தொடர் என்றால் செலவு லட்சங்களில் போகும், ஸ்பான்சர் கிடைத்தால் மட்டும் போங்கள். ஒரு எளிய கணக்கு: ஒரு வருடப் பந்தயப் பணம் மொத்தமும் திரும்பி வராவிட்டாலும் வீடும் கடையும் பள்ளிக் கட்டணமும் அசையாமல் இருக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டாதீர்கள். மெட்ரிக்கை (பள்ளி இறுதித் தேர்வு) விடவே கூடாது, கணிதமும் இயற்பியலும் நன்றாக வரட்டும். இன்ஜினியரின் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஓட்டுநருக்கு எந்த அணியிலும் கூடுதல் மரியாதை உண்டு. ஓட்டுவது கைகூடாவிட்டாலும் இதே உலகில் என்னைப் போல வேலை செய்யலாம். முடிந்தால் ஜெர்மன் மொழியும் படிக்கட்டும். வீட்டில் ஒரு நல்ல சிமுலேட்டர் வைப்பது வீண் செலவு அல்ல. வீடியோ விளையாட்டுப் போட்டியில் வென்று வந்த ஜான் மார்டன்பரோ 2013 லெ மானில் எல்எம்பி2 பிரிவில் மூன்றாவது வந்தவர். அவரைக் கொண்டுவந்த போட்டி இப்போது இல்லை, ஆனால் தடத்தைப் பழகவும், சலிக்காமல் ஒரு மணி நேரம் சீராக ஓட்டவும் சிமுலேட்டர் உதவும்.

16, 17 வயதில் போலோ கோப்பை போன்ற ஒன்றில் ஒரு சீசன் ஓட வாய்ப்பு வந்தால், அதுதான் உங்களுக்கு உண்மையான சோதனை. எல்லோருக்கும் ஒரே கார் என்பதால் சாக்குச் சொல்ல இடமில்லை. முன்வரிசையில் சேர்ந்து ஓடுகிறாள் என்றால் அடுத்த படியைப் பற்றிப் பேசலாம். இரண்டு சீசன் ஆகியும் நடுவரிசையிலேயே இருந்தால், பந்தயத்தை ஆசைக்கு வைத்துக்கொண்டு படிப்பில் முழுதாக இறங்கச் சொல்லுங்கள். இந்தக் கோடு எங்கேயும் எழுதி வைத்ததல்ல, நான் பார்த்த பிள்ளைகளை வைத்துச் சொல்வது.

இந்த வருடமே ஒன்று செய்யலாம். கார்ட் தடங்களில் இரண்டு மூன்று மணி நேரம் குழுவாக ஓடும் போட்டிகள் நடக்கும். அவளை விட மெதுவாக ஓடும் இரண்டு பிள்ளைகளோடு ஒரு அணியாகச் சேர்த்து விடுங்கள். நேரப் பதிவுத் தாளை முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள், அவளுடைய சிறந்த லேப்பை மட்டும் அல்ல, எல்லா லேப்பையும். மற்ற இருவரும் தவறு செய்தபோது அவள் அவர்களிடம் எப்படிப் பேசினாள் என்பதையும் நீங்கள் கவனித்து வையுங்கள். இரண்டையும் எனக்கு எழுதுங்கள், தாளைப் பார்த்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.